நியமனக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பையன் ஒருவன் நியமனக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தான். ஒலுவில் கம்பஸில் சிவில் பொறியியல் முடித்தவன். கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சைட் எஞ்சினியர் வேலை கிடைத்திருக்கிறது. "அண்ணா, 95,000 தாறாங்களாம். காணுமா?" என்று கேட்டான்.

அந்த 95,000 முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அடிப்படைச் சம்பளம் 40,000. மிச்சம் 55,000 ரூபாவும் சைட் அலவன்ஸ், போக்குவரத்து, தொலைபேசி, ஊக்குவிப்பு என்று நாலு துண்டாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2011இல் எனக்குக் கிடைத்த கடிதத்துக்கும் இதற்கும் எண்கள் மட்டும்தான் வித்தியாசம்.

நான் பேராதனைக் கம்பஸில் பொறியியல் படிப்பை முடித்து ஊருக்கு வந்த வருடம் அது. யுத்தம் முடிந்து இரண்டு வருடம். திருகோணமலையில் அப்போது வேலைதான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் கிண்ணியாவுக்குப் போக 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற வரிசையில் காய்ந்தவர்கள் நாங்கள். அந்த இடத்தில் 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தாகிவிட்டது. மூதூர்ப் பக்கம் வீதி, மதகு, வாய்க்கால், பள்ளிக்கூடக் கட்டடம், கொஞ்சம் பிந்தி இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் என்று எங்கே திரும்பினாலும் கொங்கிரீட் மிக்சர் சத்தம். உள்ளூர் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் 32,000 ரூபாவுக்குச் சேர்ந்தேன். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தா.

முதல் சம்பளம் கையில் வந்த அன்றே ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் மேசன் பாஸ் நாளுக்கு 1,500 எடுக்கிறார். மாதம் 26 நாள் வந்தால் 39,000. "சேர், படிச்சு என்ன கண்டீங்கள்?" என்று பகிடி விட்டபடி தேநீர்க் காசையும் அவரே கொடுப்பார். இப்போதும் கணக்கு பெரிதாக மாறவில்லை. எங்கள் சைட்டில் நல்ல மேசன் 4,000க்குக் குறைந்து வரமாட்டார். புதிதாக வரும் எஞ்சினியருக்கு இது மனதைச் சுடும். ஆனால் மேசன் மழை நாளில் வீட்டில் இருந்தால் சம்பளமில்லை, ஐம்பது வயதில் முதுகு போனால் வேலையே இல்லை. அவருடைய நாட்கூலியில் அதெல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பொருமுவதில் பிரயோசனமில்லை.

எனக்கு உறைக்காத விஷயம் வேறு. என் 32,000இல் அடிப்படை 12,000தான். ஊழியர் சேமலாப நிதிக்கு நான் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். மூன்றையும் அந்த 12,000க்கு மட்டுமே கணக்குப் பார்த்தார்கள். மற்ற 20,000க்கும் முதலாளியின் 15 வீதம் சேர்ந்திருந்தால் மாதம் 3,000 ரூபா. மூன்று வருடத்துக்கு 108,000. அந்தக் காலத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிளுக்குப் பாதிக்கு மேல் வந்திருக்கும். உண்மையாகச் செலவாகும் பயணக் காசை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை, அது சரி. ஆனால் வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் போடிங்கில் இருந்து நடந்து போனவனுக்கு எதற்குப் போக்குவரத்துப் படி? பெயரை மாற்றினால் நிதிக்குக் கட்டும் காசு குறையும், அவ்வளவுதான். ஐந்து வருடம் முடித்து விலகினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை என்று சட்டம் இருக்கிறது. அதையும் இந்த அடிப்படையை வைத்துத்தான் பார்ப்பார்கள். சம்பள உயர்வும் போனசும் கூட அப்படித்தான்.

சரி, சம்பளத்தை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன். நான் உண்மையில் கெட்டது அங்கேதான்.

மூதூர்ப் பக்கம் ஒரு மதகு கட்டிக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் சொன்ன ஆழம் வரை வெட்டினால் அடியில் கறுப்புச் சேறு. மேற்பார்வை பார்த்த ஆலோசகரின் ஆள் வந்து பார்த்தார், "இன்னும் இறக்குங்க, கல்லுப் போட்டு நிரப்புங்க" என்றார். இன்னொரு 1.2 மீற்றர் வெட்டினோம். இரவு பகலாக மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைத்தோம், பதினெட்டு டிப்பர் கல் கொட்டினோம். நான் சேற்றில் நின்றதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாத பில் போட்டபோது, அளவும் செலவும் கணக்குப் பார்க்கும் எங்கள் கியூ.எஸ். கேட்டார்: "இதுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் எங்கே?" இல்லை. வாயால் சொன்னதுதான். அளவுப் புத்தகத்தில் கையொப்பம்? வெட்டி முடிந்த உடனேயே கல் நிரப்பிவிட்டோமே. படம்? என் போனில் ஒன்று இருந்தது. அதில் தெரிந்தது சேறும் என் காலும். சொன்ன மனிதர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறிவிட்டார். கோரிக்கை முழுதாக வெட்டப்பட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "தம்பி, நீ குழி வெட்டினது கடவுளுக்குத் தெரியும். பில்லுக்குத் தெரியாதே" என்றார். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை.

களப் பொறியியலாளருக்கு ஏன் சம்பளம் பிந்துகிறது, ஏன் உயரமாட்டேன் என்கிறது என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். ஒப்பந்தகாரர் கையில் காசு எப்படி வருகிறது? சைட்டில் அளக்க வேண்டும், பில் போட வேண்டும், ஆலோசகர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும், பிறகுதான் வேலை கொடுத்தவர் காசு விடுவார். ஒவ்வொரு பில்லிலும் 10 வீதத்தைப் பிடித்துவைப்பதும் வழக்கம், ஒப்பந்தத் தொகையின் 5 வீதம் சேரும் வரை. அதில் பாதி வேலை முடிந்ததும் வரும். மற்றப் பாதி, குறைபாடு திருத்தும் காலம் கழிந்துதான் வரும், பெரும்பாலும் ஒரு வருடம். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சைட்டில் நிற்கும் நான். என் அளவுத் தாள் ஒரு கிழமை பிந்தினால் எல்லாருடைய சம்பளமும் பிந்தும், என்னுடையதும் சேர்த்து. இதைக் கம்பஸில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வளைவுத் திருப்புத்திறன் மாதிரிக் கணக்குகளை மட்டும் நாலு வருடம் சொல்லித் தந்தார்கள்.

அடுத்த நாள் உட்துறைமுக வீதியில் ஒரு கடையில் நீளமான சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பை சீமெந்து போனது, எந்த மெஷின் எத்தனை மணி நின்றது, யார் என்ன சொன்னார், மழை எப்போது தொடங்கி எப்போது விட்டது, எல்லாவற்றையும் தினமும் அதில் எழுதத் தொடங்கினேன். அதோடு ஒரு பழக்கம்: யாராவது வாயால் மாற்றம் சொன்னால் அன்று மாலையே, 'இன்று காலை நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறோம்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். சண்டைக்கு அல்ல, மிக மரியாதையாக. முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. அந்த வருட மாரியில் மழைக்கு 23 நாள் போனதென்று கால நீடிப்புக் கேட்டோம். 17 நாள்தான் தந்தார்கள். மிச்சம் ஆறு நாளுக்கும் நான் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தேன். மணி எழுதவில்லை.

அந்தக் கொப்பியில் நான் வெட்கப்பட்டு எழுதிய பக்கமும் உண்டு. 2013 யூலை, நிலாவெளியில் ஒரு மாடிக் கட்டடம். தளத்துக்குக் கொங்கிரீட் போடக் காலை பத்து மணிக்குத் தொடங்கினோம், மிக்சர் வரப் பிந்தியதால். கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, வீசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கச்சான் எப்படி என்று தெரியும்தானே, துவைத்த சாரம் கொடியில் பத்து நிமிடத்தில் மொறுமொறு என்று காய்ந்துவிடும். இரண்டு மணிக்குப் பார்த்தால் மட்டம் போட்டு முடிந்த பகுதியில் முடி மாதிரி வெடிப்புகள், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக. சதுர மீற்றருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால் இப்படி வெடிக்கும் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியவன் நான். எழுதித் தேறிய அந்த வரி கண்ணுக்கு முன்னால் நடந்தபோது ஞாபகம் வரவில்லை. மேசன் பாஸ்தான் ஈரச் சாக்கைக் கொண்டு ஓடினார். இறுகுவதற்கு முன் திரும்பவும் தட்டிச் சரிசெய்தோம், ஆனால் கொஞ்ச இடத்தைப் பிறகு வெட்டித் திருத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஆனி, ஆடி, ஆவணியில் நான் தளம் போட்டால் விடிய நாலு மணிக்குத் தொடக்கம், காற்றுப் பக்கம் தறப்பாள் மறைப்பு. எல்லாவற்றையும், என் பிழையையும் சேர்த்து, எழுதி வைத்தேன்.

2014இல் கட்டாருக்குப் போனேன். 6,500 ரியால். அப்போது ஒரு ரியால் கிட்டத்தட்ட 36 ரூபா, பெருக்கிப் பார்த்தபோது தலை சுற்றியது. பொறியியலாளராகப் பதிவதற்கு அங்கே ஒரு பரீட்சை எழுத வேண்டும், அதற்குப் பட்டச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்திக் கொண்டுபோக வேண்டும். ஊரில் இருக்கும்போதே இதை முடித்துக்கொண்டு போனவர்கள் பிழைத்தார்கள். நான் அங்கே போய் அலைந்தேன், ஏழு மாதம் 'போர்மன்' பட்டியலில் நின்றேன். வேலை நிலத்தடிக் குழாய்கள். கோடையில் மதியத்தில் வெளிவேலைக்குத் தடை, அதனால் விடிய முன்னரே தொடங்குவோம். ஒரு வகையில் நிலாவெளியில் படித்த பாடம்தான். தனிமையைப் பற்றி எழுதப் போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இரண்டாம் பக்கத்தை அங்கேயும் பார்க்காமல்தான் ஒப்பமிட்டிருந்தேன். 6,500இல் அடிப்படை 3,000. ஐந்து வருடம் முடித்து 2019இல் வரும்போது பணிக்கொடை, சட்டப்படி வருடத்துக்கு மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம்: 10,500 ரியால். முழுச் சம்பளமும் அடிப்படையாக இருந்திருந்தால் 22,750. ஒரே பிழையை இரண்டு நாட்டில், இரண்டு நாணயத்தில் செய்தவன் நான் என்று மனைவி இப்போதும் சொல்லிக்காட்டுவா.

இன்னொரு இழப்பும் இருந்தது, அது அப்போது கண்ணில் படவில்லை. பட்டயப் பொறியியலாளர் ஆவது, எங்கள் வாயில் 'சார்ட்டர்'. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் இணை உறுப்பினராகச் சேர்ந்து, தகுந்த மேற்பார்வையில் பயிற்சியும் அனுபவமும் எடுத்து, அறிக்கை எழுதிக் கொடுத்து, நேர்காணலுக்குப் போக வேண்டும். என்னோடு படித்தவர்கள் நாலைந்து வருடத்தில் முடித்துவிட்டார்கள். நான் தள்ளித் தள்ளிப் போட்டு 2021இல்தான் போனேன். பழைய வேலைகளைப் பற்றி அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, பத்து வருடத்துக்கு முந்திய அளவெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அம்மா பரணில் போட்டு வைத்திருந்த அந்தச் சீ.ஆர். கொப்பிகள்தான் உதவின. கரையான் இரண்டைத் தின்றிருந்தது. நேர்காணலில் ஒரு பெரியவர், "நீர் விட்ட பிழை ஒன்றைச் சொல்லும்" என்றார். கச்சானில் வெடித்த தளத்தைச் சொன்னேன். திகதி, நேரம், எவ்வளவு வெட்டித் திருத்தினோம் என்பது வரை. அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அதைப் பற்றியேதான் பேசினோம். சார்ட்டர் கிடைத்த மூன்றாம் மாதம் என் சம்பளம் 130,000இலிருந்து 165,000 ஆனது. அதற்கு முந்தின மூன்று வருட உயர்வையும் சேர்த்தாலும் அவ்வளவு வந்திருக்காது.

டிப்ளோமாக்காரத் தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் பட்டதாரிகளுக்கு மட்டும் என்று ஒதுங்காதீர்கள். இன்கோப்பரேட்டட் எஞ்சினியர் என்று தனிப் பாதை இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பட்டமும் படிக்கலாம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியல் பேரவைப் பதிவும் வந்திருக்கிறது. பட்டதாரியோ டிப்ளோமாவோ, உங்கள் தகுதிக்கான பிரிவில் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு 2022. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா சொச்சமாக இருந்த ஒரு பை சீமெந்து 3,000ஐத் தொட்டது. சீனன்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர் நாங்களும் அதே விலைக்குத்தான் வாங்கினோம். அரசு வேலைகள் நின்றன, ஐந்து மாதம் பாதிச் சம்பளம். சைட்டில் இருந்த ஏழு எஞ்சினியர்களில் நாலு பேர் வெளிநாடு போனார்கள். நான் நாற்பதை நெருங்கிவிட்டதாலும் மகளின் பள்ளிக்கூடத்தாலும் நின்றேன். இப்போது 220,000 எடுக்கிறேன். மாதம் 150,000 வரை வரி இல்லை, மிச்சம் 70,000க்கு 6 வீதம், 4,200 ரூபா போகிறது. 2011இன் 32,000ஐ டொலரில் மாற்றி இதோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். நான் ஒருமுறை செய்துவிட்டு இரவு சாப்பிடவில்லை.

எதிர்காலம் எப்படி என்று பையன் கேட்டான். எங்கள் ஊரில் எதிர்காலத்தைப் பேப்பரில் நிறையத் தருவார்கள். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வருகிறது என்று சொல்லி, அதற்காகவே கல்ஃப் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். 2016இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம், சீனன்குடாவில் பழைய எண்ணெய்த் தாங்கிகள், எரிசக்தி மையம் என்று பேசுகிறார்கள். வந்தால் நல்லதுதான். வரும்வரை சம்பளம் தருவது அதுவல்ல. கண்ணால் காணும் வேலை, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் உடைத்துப்போட்ட வீதியும் பாலமும் அணைக்கட்டும்தான். அதற்கு ஆள் தேவை, அதுவும் மண்ணும் தண்ணீரும் தெரிந்த ஆள். கட்டடம் மட்டும் செய்தவன் கொஞ்சம் நீர்ப்பாசன வேலையும் பழகிக்கொள்வது புத்தி.

அரச வேலை? கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இங்கேதான், அதனால் திணைக்களப் பொறியியலாளர் பதவிகளும் ஊரிலேயே இருக்கின்றன. கலியாணச் சந்தையில் அதற்குத் தனி விலை. தொடக்கச் சம்பளம் தனியாரைவிடக் குறைவாகத் தெரிந்தாலும், 2022இல் பாதிச் சம்பளம் வாங்காதவர்கள் அவர்கள்தான். கிடைத்தால் போகலாம். ஆனால் கிடைக்கும் வரை வீட்டில் இருப்பது கூடாது. இரண்டு வருடம் பரீட்சைக்குக் காத்திருந்தவனைவிட, அந்த இரண்டு வருடமும் சைட்டில் நின்றவன் நேர்முகத்தில் நன்றாகப் பேசுவான்.

இடையில் ஒன்று. சார்ட்டர் எடுத்த பிறகு ஒருவர் வந்து, "வேலைக்கு வரத் தேவையில்லை, சான்றிதழ்ப் பிரதி மட்டும் தாங்கோ, மாதம் ஏதாவது தாறம்" என்றார். ஒப்பந்தகாரருக்குத் தரம் கொடுக்கும்போது தகுதியுள்ள ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பதால் இப்படி ஒரு வியாபாரம். மறுத்துவிட்டேன். நான் பார்க்காத கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தால் அங்கே என் பெயர் இருக்கும்.

மொழியைப் பற்றியும் பையனிடம் சொன்னேன். கந்தளாயில் கம்பி வளைத்துக் கட்டும் பார் பெண்டர்கள் சிங்களத்தில் பேசுவார்கள், கொழும்பிலிருந்து வரும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும், மூதூரில் காணிக்காரர் தமிழில் சண்டை பிடிப்பார். மூன்றையும் சமாளிப்பவனைத்தான் அடுத்த கட்டத்துக்கு ஏற்றுவார்கள். என் சிங்களம் இன்றைக்கும் சைட் சிங்களம்தான், கூட்டத்தில் பேச வராது. அதனால் ஒரு பதவி உயர்வு கைவிட்டுப் போனது.

கடைசியில் அவனைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினேன், மூன்று கேள்வியோடு. மொத்தத்தைக் கூட்டிக் கேட்காதே, அடிப்படையை 60,000 ஆக்க முடியுமா என்று கேள். வேலைத்தளத்தில் உன்னை மேற்பார்வை செய்ய சார்ட்டர் எடுத்த ஒருவர் இருக்கிறாரா என்று கேள். சனிக்கிழமை முழுநாளா அரைநாளா என்பதை எழுத்தில் கேள். அடிப்படை 20,000 கூடினால் முதலாளியிடமிருந்து நிதிகளுக்கு மாதம் 3,000 கூட வரும். அவன் கையில் எடுப்பது 1,600 குறையும், அதையும் மறைக்காமல் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அழைத்தான். 55,000 வரை ஏற்றியிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறார், கிழமைக்கு இரண்டு நாள் வருவாராம். சனிக்கிழமை முழுநாள், அதில் அசையவில்லை. சரி, போ என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் அன்று இரவு ஒரு படம் அனுப்பினான். புதுச் சீ.ஆர். கொப்பி, முதல் பக்கம், மேலே திகதி. கீழே ஒரே வரி: 'காலையில் மழை, அத்திவார வேலை நடக்கவில்லை.'

எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேட்டுப் பதில் போட்டேன்.